பிள்ளைக் காம்பராவின் முதற்பாடம்

கண்டிக்குத் தென்கிழக்கே, 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துரையிலும், அதைச் சூழ்ந்த தெல்தோட்டை, கலஹா மலைச்சரிவுகளிலும், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் தம் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தைத் தோட்டத்து மக்கள் பிள்ளைக் காம்பரா என்றே பன்னெடுங்காலமாக வழங்கி வருகிறார்கள். சேலைத் தொட்டிலை ஆட்டிப் பாலூட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணிய காலமும் இருந்தது. ஆனால், தாய் படியிறங்கும்போது வீறிட்டழும் குழந்தை பசியினால் அழுவதில்லை. பிரிவென்னும் துக்கத்தை முதன்முதலாகச் சந்தித்து, போனவள் திரும்பி வருவாள் என்ற விசுவாசத்தைத் தேடும் பிரயாசையே அவ்வழுகை. தாயன்பின் தொடர்ச்சி குழந்தையின் மனநலத்துக்கு ஆகாரம் போன்றே அவசியமென்பதை, உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக மனோவைத்தியர் ஜோன் போல்பி எழுதி 1951இல் வெளிவந்த அறிக்கை உலகறியச் செய்தது. அழும் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “அம்மா பகலைக்கு வந்திரும், சாமி” என்று முதுகைத் தடவிக்கொடுக்கும் ஆயா, அட்சராப்பியாசத்துக்கும் முந்திய கல்வியையன்றோ புகட்டுகிறாள்! அவ்வண்ணம் தேறிய பிள்ளைதான் பின்னொரு நாள், புதிதாக வந்து விம்மும் மற்றொரு குழந்தையிடம் தன் கையிலுள்ள பிஸ்கோத்தைப் பாதியாக முறித்து நீட்டுகிறது. ஆதலால், இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் பெற்றுள்ள அவ்விடங்களில், சுவருக்குப் புது வர்ணம் பூசுவதற்கு முன்பாக, ஆயாமாரை அடிக்கடி மாற்றாமல் நிலைத்திருக்கச் செய்து, ஆசிரியருக்குரிய பயிற்சியும் ஊதியமும் அவர்களுக்கு அளிக்க வேண்டுமென்பதே என் திடமான அபிப்பிராயம்.