பூட்டிய வீட்டுக்கு மறுபடி போங்கள்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. உங்கள் மாதிரி அளவு 384. நிரப்பிய படிவங்கள் 260தான் இருக்கின்றன. கைடு அவசரப்படுத்துகிறார். விடுதி மேசையில் வெற்றுப் படிவங்கள் கிடக்கின்றன. பேனாவைத் திறந்தால் மீதி 124-ம் ஒரே இரவில் நிரம்பிவிடும். சமூக மருத்துவத்தில் எம்.டி.யும் பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.எச்.சும் படிக்கிற பலருக்கு இப்படி ஓர் இரவு வரும். அந்த இரவில் இருப்பவருக்குச் சொல்கிறேன்: பேனாவை மூடுங்கள்.

நூலகத்தில் தூசி படியப்போகிற ஏடுதானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நோய்ப்பரவியலில் எண் சும்மா கிடப்பதில்லை. ஓர் ஊரில் சர்க்கரை நோய் இத்தனை சதவீதம் என்று நீங்கள் எழுதியதை வைத்துத்தான் அடுத்து வரும் மாணவர் தன் மாதிரி அளவைக் கணக்கிடுவார். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்ப்பவர் அதையும் சேர்த்துக்கொள்வார். மாத்திரை எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்பவரின் மேசைக்கும் அது போகலாம்.

2020 மே மாதம் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 96,000-க்கும் மேற்பட்ட கோவிட் நோயாளிகளின் தரவு இருப்பதாகச் சொல்லி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு அதிகம் என்றது. சில நாட்களிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் பன்னாட்டுச் சோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. மூலத் தரவைச் சரிபார்க்கக் கேட்டபோது, தரவு தந்ததாகச் சொன்ன நிறுவனம் அதைக் கொடுக்கவில்லை. ஜூன் 4-ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பெருந்தொற்றின் நடுவே, யாரும் சரிபார்க்க முடியாத ஓர் எண் உலகத்தையே தடுமாற வைத்தது.

260 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் 260 என்றே எழுதுங்கள். மறுத்தவர்கள் எத்தனை பேர், பூட்டிய வீடுகள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். உங்கள் மதிப்பீட்டின் துல்லியம் குறையும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேர்வாளர் கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் எழுதிக்கொண்டால் என்ன, அது பொய் இல்லையே என்பீர்கள். பொய் இல்லாவிட்டாலும் ஆய்வை அது கெடுத்துவிடும். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் முதியோர், கைக்குழந்தைக்காரிகள், உடம்பு முடியாதவர்கள். கட்டட வேலைக்கும் மில்லுக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் உங்கள் கணக்கிலேயே இல்லாமல் போகிறார்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள், பொழுது சாய்ந்து போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள். கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்; எந்தத் தெருவில் எப்போது ஆள் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். திரும்பத் திரும்பப் போயும் ஆள் இல்லையென்றால், ‘ஆள் இல்லை’ என்று எழுதுங்கள். அதுவும் தரவுதான்.

இப்படி உழைத்தவர்கள் நம் சென்னையிலேயே இருந்தார்கள். 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் தங்கிப் பெறும் சிகிச்சையையும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதையும் ஒப்பிட்டது. வீட்டு நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? அவர் சொன்னதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். நெருக்கடியான குடியிருப்பு, போதாத சாப்பாடு. அப்படியிருந்தும் வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்கு ஈடாகப் பலன் தந்தது. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கை மாற்றியது. சந்து சந்தாக நடந்து மருந்தை எண்ணியவர்கள் கணக்கை விடுதியில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

அடுத்தது ஒப்புதல். கைநாட்டு வாங்கிவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாக நினைக்காதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் பேசுகிற தமிழில் சொல்லுங்கள். வேண்டாமென்றால் மறுக்கலாம், மறுத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எதுவும் நின்றுபோகாது என்பதையும் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகளிடம் கருச்சிதைவு பற்றிக் கேட்காதீர்கள். பெயரும் போன் நம்பரும் உள்ள பதிவேட்டைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

ஒருவருக்கு ரத்த அழுத்தம் 190/110 வந்தால், அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடாதீர்கள். விளக்கிச் சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்து, சுகாதார நிலையத்துக்குப் போனாரா என்று விசாரியுங்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களைக் குணப்படுத்தாமல் கவனித்துக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. குறிப்பெடுத்தவர்களும் படித்த மருத்துவர்கள்தான். ‘என் வேலை தரவு சேகரிப்பது மட்டும்’ என்று யாராவது சொன்னால் டஸ்கீகியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால் அதையும் மறைக்காதீர்கள். பி மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கும்வரை வயதை மாற்றிப் பிரித்து, வருமானத்தை மாற்றிப் பிரித்துக் கணினியைக் குடையாதீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசிக்கு ஒரு பெரும் சோதனை தொடங்கியது; இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றார்கள். நாடே நம்பிப் போட்டுக்கொண்டிருந்த ஊசி அது. பிரிட்டனில் நல்ல பலன் தந்திருந்தது. இங்கேயோ நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. 1979-இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அந்த ஊசி போடுகிறோம். எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று தெரிந்தே போடுகிறோம். அந்தத் தெளிவு, விருப்பமில்லாத முடிவை மறைக்காதவர்கள் தந்தது.

கைடுகளுக்கும் ஒரு வார்த்தை. ‘எப்படியாவது முடி’ என்று நீங்கள் சொல்வது மாணவர் காதில் ‘பொய் எழுது’ என்றே விழும். ஒருநாளாவது களத்துக்குக் கூடவே போங்கள். சில படிவங்களை உருவி எடுத்து, அந்த வீடுகளுக்கு நீங்களே போய்ச் சரிபாருங்கள்.

மாணவர்களே, சில ஆண்டுகளில் உங்களில் சிலர் மாவட்டச் சுகாதாரப் பொறுப்பில் இருப்பீர்கள். டெங்குச் சாவு கூடும். எண்ணைக் குறைத்துக் காட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வரும். கைடுக்குப் பயந்து 124 படிவங்களை இட்டு நிரப்பியவர் அன்றைக்கு மட்டும் துணிந்து மறுத்துவிடுவாரா? மறைத்த ஒவ்வொரு சாவுக்கும் ஏதோ ஒரு தெருவில் கொசு மருந்து அடிக்காமல் போகும். அன்றைக்கு முடியாது என்று சொல்ல வேண்டிய வாய், இன்றைக்கே கைடிடம் சொல்லிப் பழகட்டும்: ‘ஐயா, இன்னும் இரண்டு வாரம் வேண்டும். வீடுகளுக்கு மறுபடி போக வேண்டியிருக்கிறது.’