பெஞ்சில் ஒரு அண்ணன்

காடாம்புலியூரில் ஒரு சாயங்கால மேட்ச். 'அண்ணே, முதல்ல தம்பி ஆடட்டுமே!' என்றான் ஒரு பையன். நாற்பதைத் தாண்டிய அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது.

அனுபவமா, இளமையா? 2024 முழுக்க ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத இந்திய அணி, ஓய்வு பெற்றிருந்த சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில் மறுபடி கூப்பிட்டது. 40 வயதில் வந்து, மாலத்தீவுக்கு எதிராக கோல் போட்டார். சபாஷ்! ஆனால், அடுத்த தலைமுறை எங்கே சார்?

1990 உலகக் கோப்பையில் கேமரூனின் ரோஜர் மில்லாவுக்கு 38 வயது. ஐந்து மேட்ச்சிலும் பெஞ்சில் காத்திருந்து, ஆட்டத்தின் நடுவில்தான் இறங்கினார். நான்கு கோல்! அணி காலிறுதி வரை போனது.

பெரியவர்கள் விலக வேண்டாம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும். அது தோல்வியில்லை.

நம்ம அண்ணனும் கடைசிப் பத்து நிமிஷம் இறங்கினார். பாஸ் கொடுத்தார். கோல் போட்டது தம்பி!