நிறுத்திக்கொள்ளும் உரிமை

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 18. அடுத்த சில நாள்களில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அவருடைய ஆட்டத்தோடு சேர்த்து அவருடைய பெற்றோரைப் பற்றியும் எழுதின. காது, மூக்கு, தொண்டை மருத்துவரான தந்தை மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தொழிலை ஒதுக்கிவைத்ததும், நுண்ணுயிரியலாளரான தாயின் சம்பளத்தில் வீடு ஓடியதும், நான்காம் வகுப்புக்குப் பிறகு பையன் முழுநேரப் பள்ளிக்குப் போகாததும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. தங்கள் பிள்ளையிடமும் ஏதோ ஒரு பொறி இருப்பதாக நம்பும் பெற்றோருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும்: நாமும் இப்படித் துணிய வேண்டாமா? குகேஷின் வெற்றி இந்தக் கேள்விக்கு விடையாகாது. அவர் தோற்றிருந்தாலும் அந்தப் பெற்றோர் செய்தது சரி என்று சொல்ல முடிந்தால்தான் அது சரி. ஜெயித்ததால் மட்டுமே நியாயமாகிற காரியத்துக்குச் சூதாட்டம் என்றுதான் பெயர். அதே அளவு பணயம் வைத்துவிட்டு, பதினாறு வயதில் தரவரிசையின் நடுவில் எங்கோ நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்கு எந்த நிருபரும் போவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே விளைவைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்க்கலாம். அசாதாரணத் திறமையுள்ள பிள்ளைக்குப் பெற்றோர் ஆற்ற வேண்டிய கடமை என்ன? ஒன்று ஐயத்துக்கு இடமில்லாதது. கற்கத் தயாராக நிற்கும் பிள்ளையை வயதைக் காரணம் காட்டிக் காக்கவைப்பது அநியாயம். தெரிந்த கணக்கையே ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போடச்சொல்வது பொறுமையைக் கற்பிப்பதில்லை. பள்ளி என்பது சலிப்பு என்பதைத்தான் கற்பிக்கிறது. நம் ஊரில் ‘டபுள் புரமோஷன்’ என்ற பேச்சை எடுத்தாலே பிள்ளை பிஞ்சிலே பழுத்துவிடும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971இல் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வு, கணிதத்தில் முந்தி நின்ற பிள்ளைகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இனங்கண்டு அவர்களுடைய நடுவயது வரை பின்தொடர்ந்தது. வகுப்புத் தாண்டிப் படித்ததால் அவர்களுடைய மனநலம் பிற்காலத்தில் கெட்டுவிடவில்லை என்று அந்த ஆய்வின் வழிவந்த கட்டுரை ஒன்று 2020இல் காட்டியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டெரன்ஸ் டாவ் என்ற சிறுவனின் பெற்றோர் இன்னும் நிதானமான வழியைத் தேர்ந்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் அவனுடைய நிலைக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஒன்பது வயதிலேயே பல்கலைக்கழகக் கணிதம் படித்தவனை முழுநேரப் பல்கலைக்கழக மாணவனாக்கப் பதினான்கு வயது வரை பொறுத்திருந்தார்கள். 2006இல் அவர் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியது வேறு கதை. அது கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த ஏற்பாட்டில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியிலும் திரும்பி இறங்க இடம் இருந்தது.

சிக்கல் தொடங்குவது தியாகத்தில். பிள்ளைக்காக எல்லாவற்றையும் இழக்கும் பெற்றோரைத் தமிழ்ச் சினிமா தெய்வமாக்கியிருக்கிறது. அதைச் சந்தேகிப்பதே நன்றிகெட்ட செயல்போலத் தோன்றும். இருந்தாலும் சந்தேகிக்கத்தான் வேண்டும். வேலையை விடுவது, ஊர் மாறுவது, நகையை அடகு வைப்பது, தங்கையின் பாட்டு வகுப்பை நிறுத்துவது ஆகிய எல்லாமே பிள்ளைக்குக் கொடுப்பதாகத்தான் தோன்றும். அதே நேரத்தில் அவை பிள்ளையின் பெயரில் ஏறும் கடனாகவும் ஆகின்றன. அந்தக் கடனுக்குப் பிள்ளை கையெழுத்துப் போட்டதில்லை. எட்டு வயதில் உயிராக இருந்த ஒன்று பதின்மூன்று வயதில் கசந்துபோவது மனித இயல்பு. ஆனால் இடைப்பட்ட ஐந்தாண்டில் அப்பா வேலையை விட்டிருக்கிறார், அம்மா இரண்டு ஷிப்ட் பார்க்கிறாள், சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இந்த நிலையில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்து “எனக்குப் போதும்” என்று சொல்ல முடியுமா? பெற்றோரின் மனம் தூய்மையாக இருந்தால் இது நேராது என்று நினைக்க வேண்டாம். அடித்து விரட்டும் தகப்பனிடம் கோபித்துக்கொண்டாவது விலகலாம். எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் கொடுத்த தகப்பனிடம் எதைச் சொல்லி விலகுவது? தியாகம் பெருகப் பெருகப் பிள்ளை நிறுத்திக்கொள்ளும் வழி குறுகுகிறது. அந்த வழியை அடைக்கும் எந்த ஏற்பாடும், எவ்வளவு அன்பால் செய்யப்பட்டிருந்தாலும், பிள்ளைக்குச் செய்யும் தவறுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நூறாண்டுக்கு முன்பு அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கதை இதற்கு நல்ல சான்று. உளவியலாளரான போரிஸ் சைடிஸின் மகன் வில்லியம் 1909இல், பதினோரு வயதில் ஹார்வர்டில் சேர்ந்தான். அடுத்த ஜனவரியில் நான்கு பரிமாண உருவங்களைப் பற்றிப் பேராசிரியர்கள் முன்னிலையில் அவன் ஆற்றிய உரை நாளிதழ்களில் வந்தது. தந்தையோ தன் வளர்ப்பு முறைக்கு மகனையே சான்றாகக் காட்டி 1911இல் நூல் எழுதினார். வளர்ந்த வில்லியம் அந்த வெளிச்சத்திலிருந்து ஓடினார். பெயர் தெரியாத எழுத்தர் வேலைகளில் ஒதுங்கினார். டிராம் வண்டிச் சீட்டுகளைச் சேகரித்தார். பெற்றோரிடமிருந்தும் விலகி வாழ்ந்தார். 1937இல் நியூயார்க்கர் இதழ் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த மேதை இப்போது எப்படி இருக்கிறார் பாருங்கள் என்ற தோரணையில் எழுதியது. தனியுரிமை கோரி அவர் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1940இல் தள்ளுபடி செய்தது. ஒரு காலத்தில் அவர் ஊரறிந்த ஆள், அந்த இளவயது நம்பிக்கை நிறைவேறியதா என்று தெரிந்துகொள்வதில் மக்களுக்கு அக்கறை உண்டு என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். பதினோரு வயதில் பெரியவர்கள் ஏற்றிவிட்ட மேடையிலிருந்து நாற்பது வயதுக்குப் பிறகும் இறங்கச் சட்டம்கூட அவரை விடவில்லை. பிள்ளை திருக்குறள் ஒப்பிப்பதையும் தலைநகரங்களை அடுக்குவதையும் யூடியூபில் ஏற்றும் பெற்றோர் ஒருமுறை இந்தத் தீர்ப்பை நினைத்துப் பார்க்கலாம். அதே ஆண்டுகளில் ஹார்வர்டில் இருந்த இன்னொரு சிறுவன் நார்பர்ட் வீனர். பின்னாளில் பெரும் கணிதவியலாளர். அவருடைய தந்தை லியோ வீனர், தன் பிள்ளைகள் சாதாரணமானவர்களே, எல்லாம் தன் பயிற்சியின் பலன் என்று பத்திரிகைக்குச் சொன்னார். வெற்றியெல்லாம் தந்தைக்கும் தோல்வியெல்லாம் தனக்கும் என்று ஆகிவிட்ட அந்தக் காயத்தை மகன் 1953இல் தன் வரலாற்றில் எழுதினார். உலகப்புகழ் பெற்ற பின்னும் ஆறாத காயம் அது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டால் எந்தப் பிள்ளையும் எதையும் மூன்று மாதத்துக்கு மேல் செய்யாது. சுவரப் பயிற்சியைத் தாண்டிய பிறகே கீர்த்தனை வரும். கட்டாயம் இல்லாமல் எந்தக் கலையும் கைவராது. இதில் உண்மை இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமைச் சோம்பலுக்குப் பெற்றோர் பணிய வேண்டியதில்லை. ஆனால் சோம்பலும் வெறுப்பும் வேறு வேறு. தோற்ற மறுநாள் சொல்லும் “வேண்டாம்” என்பதைப் புறந்தள்ளலாம். ஜெயித்த மறுநாளும் அதே சொல் வந்தால் அதைக் கேட்டாக வேண்டும். பிறப்பதற்கு முன்பே பிள்ளைகளை மேதைகளாக்கத் திட்டமிட்டவர் என்று பேர்பெற்ற ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார் வீட்டிலும்கூட, மூன்று மகள்களில் நடுவில் பிறந்த சோஃபியா ஒரு கட்டத்தில் சதுரங்கப் போட்டிகளிலிருந்து ஒதுங்கி ஓவியத்தின் பக்கம் போனார். 1989இல் ரோமில் கிராண்ட்மாஸ்டர்களை வரிசையாக வீழ்த்தியவர் அவர். அப்படிப்பட்டவருக்கும் விலக வழி இருந்தது. அந்தச் சோதனையை ஓரளவாவது மன்னிக்கவைப்பது மற்ற இரண்டு பெண்களின் பட்டங்களைவிட இதுதான்.

திறமையைக் கண்டவுடன் பயிற்சியாக மாற்ற வேண்டும் என்ற அவசரமும் தேவையற்றது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் தளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிர்லா கோளரங்கம், வீட்டுக்கு வரும் ‘துளிர்’ இதழ், சமையலறையில் அளவுகளை இரட்டிப்பாக்கும் கணக்கு என்று குடும்பம் சேர்ந்து செய்யக்கூடிய எத்தனையோ உண்டு. இவற்றில் யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை; பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறொன்று செய்யலாம். உடன்பிறந்த பிள்ளையும் கூட வரலாம் என்பது இன்னொரு நன்மை. திறமைசாலியைப் பற்றிய விவாதங்களில் எப்போதும் விடுபட்டுப்போவது அந்த மற்றொரு பிள்ளைதான். மோட்சார்ட்டின் அக்கா நானெர்ல் தம்பியோடு ஐரோப்பிய அரண்மனைகளில் வாசித்தவர். 1769 முதல் தந்தை தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு பயணம் போனார், அக்கா சால்ஸ்பர்க்கில் தங்கிவிட்டார். அதற்கு நேர்மாறான காட்சி சென்னையில் உண்டு. மகள் தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கவே வைஷாலியைப் பெற்றோர் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். தம்பி பிரக்ஞானந்தா பின்னால் ஒட்டிக்கொண்டவர். 2018இல் தம்பி கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட, அக்கா அந்தப் பட்டத்துக்கான தகுதியை 2023இன் இறுதியில்தான் எட்டினார். ஐந்தாண்டுக்கும் மேல் பின்தங்கியிருந்த மகளின் பலகையை அந்த வீடு எடுத்துவைக்கவில்லை.

கடினமான மறுப்பு ஏழை வீடுகளிலிருந்து வருகிறது. வசதியுள்ளவர்களுக்குத் திறமை ஓர் அணிகலன். இல்லாதவர்களுக்கு அதுதான் வெளியேறும் ஒரே வாசல். அங்கே தியாகம் செய்யாதே என்று சொல்வது கொடுமை அல்லவா? கொடுமைதான். அந்தக் குடும்பங்களிடம் இக்கட்டுரைக்குச் சொல்ல எதுவுமில்லை. சொல்ல வேண்டியது அரசிடம். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேறும் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. 1963இல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 1999இல் வந்த கிஷோர் வைக்யானிக் ப்ரோத்சாஹன் யோஜனா என்ற அறிவியல் உதவித்தொகைத் திட்டமும் 2022இல் இன்ஸ்பயர் திட்டத்துக்குள் கரைக்கப்பட்டது. சிங்கப்பூர் 1984 முதல் திறமைமிக்க பிள்ளைகளைச் சில பள்ளிகளில் தனியே திரட்டிப் படிப்பித்தது. இனி அவரவர் பள்ளியிலேயே அந்த வாய்ப்பைத் தரப்போவதாக 2024இல் அறிவித்தது. நண்பர்களையும் வீட்டையும் விட்டு விலகாமல் வேகமாகக் கற்க முடிந்தால், அப்பா வேலையை விட வேண்டிய தேவையும் குறையும். இதற்குப் பெரிய பணம் எதுவும் வேண்டியதில்லை. நம் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கணக்குப் பாடவேளைக்கு மட்டும் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்காரவும், வேண்டாம் என்றால் மறுவாரமே திரும்பி வரவும் நம் பள்ளியின் கால அட்டவணையில் இடம் உண்டா?