குளிர் செய்யும் வேலை

நவம்பர்

ப்ளியோனி ஆர்க்கிட்டின் இலைகள் பழுத்து உதிர்ந்துவிட்டன. தொட்டியில் மிஞ்சியிருப்பவை கோலிக்குண்டு அளவிலான பச்சைக் குமிழ்கள் மட்டும். லண்டன் புறநகர் வீடுகளில் ஹீட்டர் ஓடத் தொடங்கும் இந்த வாரங்களில்தான் இவற்றைச் சூடே இல்லாத தோட்டக் கொட்டகைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இனிப் பல வாரங்களுக்குத் தண்ணீர் கிடையாது, உரம் கிடையாது. கைக்கு வேலையே கிடையாது.

ஆர்க்கிட் என்றதும் நம் நினைவுக்கு வருவது கடைகளில் கண்ணாடித்தாள் சுற்றி விற்கும் ஃபலனாப்சிஸ். அது வெப்பக் காடுகளின் பிள்ளை, குளிர்ந்தால் வாடிவிடும். ஆனால் ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறக்குறைய 28,000 இனங்கள் உண்டு. அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் அவை இருக்கின்றன. மரத்தைப் பற்றாமல் மண்ணிலேயே வேரூன்றி, பனிக்காலத்தில் மேல்பகுதி முழுவதும் மடிந்து, வசந்தத்தில் மீண்டும் முளைப்பவை பல. இந்தக் குறிப்புகள் அவற்றைப் பற்றியவை.

டிசம்பர்

இரவில் உறைபனி. காலையில் சைப்ரிபீடியம் என்ற ஆர்க்கிட் இருக்கும் தொட்டியின் மேல்மண் கல்லாக இறுகிக் கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பாவம் என்கிறார்கள். செடிக்கு இது பாவமே இல்லை. ஐந்து டிகிரிக்கும் கீழே ஏறத்தாழ மூன்று மாதம் கிடந்தால்தான் அது அடுத்த ஆண்டு ஒழுங்காக முளைக்கும். குளிர்காலமே இல்லாத ஊர்களில் இதை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கிழங்கை ஈரப்பாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் காய்கறித் தட்டில் வைத்துவிடுகிறார்கள்.

இவற்றைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அன்று, ஈரம். நீர் தேங்கிய மண்ணில் தூங்கும் வேர் அழுகிவிடும். அதனால் இந்த மாதத்துப் பராமரிப்பு ஒன்றே ஒன்று: மழை நேராக விழாத கூரையோரத்துக்குத் தொட்டியை நகர்த்துவது.

வசந்தத்தின் பூ வசந்தத்தில் உருவாவதில்லை. சைப்ரிபீடியத்தின் அடுத்த ஆண்டு மொட்டு, இலைகள் மடியும் முன்பே மண்ணுக்குள் ஒரு வெளிர் கண்ணாக உருவாகிவிடுகிறது. இப்போது அந்தக் கல்லாய் இறுகிய மண்ணுக்கடியில் பூ இருக்கிறது. நாம் காத்திருப்பது அது பிறப்பதற்காக அன்று, எழுவதற்காக.

உறக்கம் குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிகளில் வளரும் ஹபநேரியா வகை நில ஆர்க்கிட்கள் வறண்ட மாதங்களைக் கிழங்காக மண்ணுக்குள் கழித்துவிட்டு, மழை தொடங்கியதும் முளைக்கின்றன. இங்கே பனி கதவடைக்கிறது, அங்கே வறட்சி. அடைபட்ட கதவுக்குப் பின்னால் நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஜனவரி

ப்ளியோனிக்கு மண் மாற்றும் மாதம். பழைய கலவையை உதிர்த்தால், சென்ற ஆண்டு வேர்கள் காய்ந்த நார்க்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை செத்தவை. ஒரு விரலகலம் விட்டு மீதியைக் கத்தரித்துவிடலாம். அந்த மிச்சம் உணவு எடுக்காது, குமிழ் சாயாமல் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். நுண்ணிய மரப்பட்டைத் துண்டு, பெர்லைட், கொஞ்சம் பாசி கலந்து, அகலமான ஆழமில்லாத தட்டில் பரப்பி, குமிழ் பாதி வெளியே தெரியும்படி பதிக்க வேண்டும்.

குமிழைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் வாழ்க்கை முழுவதும் புலப்படும். அடியில், ஒரு பக்கமாக, நகக்கண் அளவில் ஒரு தளிர் ஒட்டிக்கொண்டிருக்கும். பூ, இலை, புது வேர், அடுத்த குமிழ், நான்கும் அதற்குள்தான். தளிர் வளர வளர இந்தக் குமிழ் தன்னிடமுள்ளதையெல்லாம் கொடுத்துச் சுருங்கும். கோடை முடியும்போது இதன் இடத்தில் சக்கை இருக்கும், பக்கத்தில் புதிய குமிழ் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒரு ப்ளியோனிக் குமிழின் ஆயுள் ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஆனால் செடி பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும். எது சாகிறது, எது இருக்கிறது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பிப்ரவரி

வெளியே எதுவும் நடக்காத மாதம். விதையைப் பற்றி யோசிக்க நல்ல நேரம்.

ஆர்க்கிட் விதை தூசு. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் எதனிடமும் கட்டுச்சோறு கிடையாது. நெல்லுக்கும் பயறுக்கும் தாய் கொடுத்தனுப்பும் உணவுச் சேமிப்பு இதில் இல்லை. மண்ணில் உள்ள ஒரு பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். பிரான்ஸின் நோயல் பெர்னார் 1899-இல் இதைக் கண்டறிந்தார். 1911-இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல், அவர் இறந்துபோனார். அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் 1922-இல், கண்ணாடிக் குடுவைக்குள் சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைக்க முடியும் என்று காட்டினார். இன்று நர்சரியில் காசு கொடுத்து ஓர் ஆர்க்கிட் வாங்க முடிகிறதென்றால் பெரும்பாலும் அந்தக் கண்ணாடிக் குடுவையின் புண்ணியம்.

முளைத்த பிறகும் பொறுமை தேவை. மினசோட்டா மாநிலத்தின் மலரான சைப்ரிபீடியம் ரெஜினே, காட்டில் முதல் பூ விட 16 ஆண்டுகள்வரை எடுத்துக்கொள்ளக்கூடும். 1925-இலேயே அதைப் பறிப்பதையும் தோண்டுவதையும் அங்கே சட்டம் தடுத்துவிட்டது.

மார்ச்

ப்ளியோனி பூத்துவிட்டது. இலை இன்னும் வரவில்லை. கட்டைவிரல் உயரத் தண்டின் நுனியில், குமிழைவிடப் பல மடங்கு பெரிய பூ. இதழ்கள் வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. நடுவில் குழலாகச் சுருண்ட உதட்டிதழ் வெண்மை, அதன் விளிம்பு முழுவதும் கிழிந்த சரிகைபோல் நுண்ணிய பிசிறு, தொண்டைக்குள் செங்கல் நிறப் புள்ளிகள். வேர் கிடையாது, இலை கிடையாது. போன கோடையின் வெயிலை வைத்துக்கொண்டு பூத்திருக்கிறது.

இந்த நேரத்தில்தான் கை பரபரக்கும். பூத்திருக்கிறதே, தண்ணீர் ஊற்றுவோம் என்று தோன்றும். குடிக்க வேரே இன்னும் வரவில்லை. பூ வாடும் நாட்களில்தான் புது வேர்கள் இறங்கத் தொடங்கும். அதுவரை லேசான ஈரம் போதும். அந்த இளம் வேர் ஒடிந்தால் கிளைத்து மீண்டும் வளராது, ஆகவே தட்டை அசைக்காமல் விடுவதும் ஒரு பராமரிப்பு.

நத்தைகளுக்கும் இந்த மொட்டுகள் பிடிக்கும். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது.

ஏப்ரல்

ப்ளெடில்லா ஸ்ட்ரியேட்டா மண்ணைப் பிளந்து வருகிறது. விசிறிபோல் மடிப்பு விழுந்த இலை, பனை நாற்றை நினைவூட்டும். சீனாவிலும் ஜப்பானிலும் இயல்பாக வளர்வது. சீன மருத்துவத்தில் இதன் கிழங்கு இரத்தப்போக்கை நிறுத்த நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட எளிய ஆர்க்கிட் இல்லை. தோட்ட மண்ணிலேயே, நீர் வடியும் இடத்தில் ஆழமில்லாமல் நட்டு, குளிர்காலத்தில் மேலே சருகு போர்த்தினால் போதும். சில ஆண்டுகளில் புதராகிவிடும்.

பயப்பட வேண்டியது நடுக்குளிருக்கு அன்று, முளைத்த பிறகு வரும் கடைசி உறைபனிக்கு. தூங்கும்போது பத்து டிகிரி உறைகுளிரையும் பொறுத்த செடி, விழித்தபின் ஓர் இரவின் உறைபனியில் கருகிவிடும். வானம் துலங்கி, காற்று அடங்கிய மாலைகளில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைக்கிறேன். ஆண்டு முழுவதிலும் இந்தச் செடிகளுக்கு அவசரமாக நான் செய்வது இது ஒன்றுதான்.

மே

சைப்ரிபீடியம் பூத்திருக்கிறது. செந்தவிட்டு நிறத்தில் முறுக்கிய இதழ்கள், நடுவே மஞ்சள் பை. ஒரு சிறிய மண்தேனீ பையின் வாயில் உட்கார்ந்து, வழுக்கி உள்ளே விழுகிறது. உட்சுவர் மெழுகுபோல் வழுவழுப்பு, ஏற முடியாது. பின்பக்கம் மட்டும் மயிர்கள் ஏணிபோல் அமைந்திருக்கின்றன. அந்தப் பக்கம் பையின் சுவர் மெலிந்து ஒளி கசிகிறது. வெளிச்சத்தை நோக்கி ஏறும் தேனீ முதலில் சூல்முடியில் உரசுகிறது. வேறு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் இருந்தால் அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகுதான் இந்தப் பூவின் மகரந்தத்தை முதுகில் பூசிக்கொண்டு இடுக்கு வழியாக வெளியேறுகிறது. உள்ளே தேன் ஒரு துளியும் இல்லை. ஏமாந்ததைத் தெரிந்துகொண்டதா என்று தெரியவில்லை, பறந்துபோய்விட்டது.

இந்தப் பூ இங்கிலாந்தில் ஒருகாலத்தில் காட்டுப் பூ. அழகுக்காகத் தோண்டித் தோண்டியே மனிதர்கள் அதைத் தீர்த்தார்கள். 1917-இல் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டினார்கள். 1930-இல் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. கண்டவர்கள் இடத்தை வெளியே சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் அது இரகசியமாகக் காக்கப்பட்டது, பூக்கும் பருவத்தில் காவலுக்கு ஆட்கள் இருந்தார்கள். 1983-இல் க்யூ தாவரவியல் தோட்டம் ஆர்க்கிட்களை விதையிலிருந்து வளர்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முற்றிய விதை முளைக்க மறுத்தது, முற்றாத காயிலிருந்து எடுத்த விதை முளைத்தது. அப்படி வளர்த்து மீண்டும் இயற்கையில் நட்ட செடிகளில் முதல் பூ 2000-இல் மலர்ந்தது.

அந்த ஒற்றைச் செடிக்கு அத்தனை ஆண்டுகளும் மனிதர்கள் செய்த பெரிய உதவி, அதைத் தொடாமல் இருந்தது.

ஜூன்

பூக்கள் உதிர்ந்தன. இனி இலைகளின் காலம். இப்போதுதான் நீரும் நீர்த்த உரமும் தாராளமாகத் தரலாம். அடுத்த வசந்தத்தின் அளவை இந்தக் கோடைதான் தீர்மானிக்கிறது. பூ முடிந்ததென்று இலையை வெட்டுபவர் அடுத்த ஆண்டுப் பூவை வெட்டுகிறார்.

வளர்க்க விரும்புகிறவர்களுக்கு: ப்ளெடில்லாவில் தொடங்குங்கள், அடுத்தது ப்ளியோனி, நிதானம் பழகிய பிறகு சைப்ரிபீடியம். வாங்கும்போது விதையிலிருந்தோ பிரித்தெடுத்தோ நர்சரியில் வளர்த்ததுதானா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது, எல்லை தாண்டிக் கொண்டுவரப் பொதுவாக முறையான அனுமதி வேண்டும். காட்டில் கண்டால் பார்த்துவிட்டு வாருங்கள். தோண்டி எடுத்த செடி பெரும்பாலும் உங்கள் வீட்டில் பிழைக்காது, காட்டிலும் அந்த இடம் காலியாகிவிடும்.