நான்காம் நாள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அதற்கு மேல் தங்கினால் இரண்டும் கசக்கும் என்பது பொருள். வகுப்பில் இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்போம். நான்காம் நாளும் போகாதவரை, தங்குவதற்கென்றே வந்தவரை என்ன செய்வது என்று பழமொழி சொல்வதில்லை.

பழந்தமிழில் 'விருந்து' என்றால் புதுமை. தொல்காப்பியம் எட்டு வனப்புகளைச் சொல்லும்போது புதிதாகப் புனையப்படும் படைப்புக்கு விருந்து என்றே பெயரிடுகிறது. புதியவர் என்பதால்தான் வருபவர் விருந்தினர். திருக்குறளில் அவருக்கு ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அந்த விருந்தினர் வருவார், உண்பார், போவார். வீடு அடுத்தவருக்காகக் காத்திருக்கும். தங்கிவிட வருபவருக்கு அதிகாரம் கிடையாது, அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும். விருந்தோம்பும் வீட்டில் பெண்ணின் நிலையும் அவ்வளவு உறுதியானதல்ல. கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைச் சொல்லும் கண்ணகி, விருந்தினரை எதிர்கொள்வதையும் அவற்றோடு சேர்க்கிறாள். கணவன் பக்கத்தில் இல்லையென்றால் வாசலில் நின்று வரவேற்கும் உரிமையும் போய்விடும். அடுப்படி மட்டும் போகாது.

தங்கிவிட வருபவரை நமக்குப் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் வீட்டுக்கு வீடு ஒருத்தி அப்படி வருகிறாள். அவள் வரும் இடத்துக்குப் புகுந்த வீடு என்றே பெயர். ஆரத்தி எடுக்கிறோம், வலது காலை எடுத்து வைக்கச் சொல்கிறோம், மறுவீடு முடிகிறது. பிறகு ஒருநாள் அவள் வைத்த குழம்பில் உப்பு அதிகம் என்று அந்த வீடு சொல்லலாம். அந்த வீட்டுக் குழம்பில் காரம் அதிகம் என்று அவள் சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் மருமகளுக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு, "வாயே தொறக்காத புள்ளைங்க" என்பதுதான்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவிகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு என்னிடம் வருவார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "அங்க நம்மள நல்லாப் பாத்துக்குவாங்களாங் மேடம்?" என்று கேட்பார்கள். நல்லபடியாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? 1883ஆம் ஆண்டு கப்பலேறிய இரண்டு மராட்டியப் பெண்களைப் பற்றி அவர்களிடம் சொல்வேன்.

ஒருவர் ஆனந்திபாய் ஜோஷி. 9 வயதில் திருமணம். 14 வயதில் பெற்ற குழந்தை பத்தே நாளில் இறந்தது. 18 வயதில் மருத்துவம் படிக்க அமெரிக்கா போனார். மூன்றாண்டுகளாகக் கடிதத்தில் மட்டுமே பழகிய தியடோசியா கார்பென்டர் அவரை நியூஜெர்சியில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டார். ஆனந்திபாயின் புடவையும் மதமும் மாறவில்லை. 1886 மார்ச்சில் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். காசநோயோடு ஊர் திரும்பி, 22 வயது நிறையும் முன்பே 1887 பிப்ரவரியில் புனேயில் இறந்தார். அஸ்தி கார்பென்டருக்கு அனுப்பப்பட்டது. அவர் அதைப் பொகீப்சியில் தங்கள் குடும்பக் கல்லறையில் வைத்தார். இந்தக் கதை மாணவிகளுக்குப் பிடிக்கும்; கண் கலங்குவார்கள்.

எனக்கு அதிகம் உதவுவது மற்றவரின் கதை. பண்டித ரமாபாய், கணவனை இழந்தவர், அதே ஆண்டு சின்னஞ்சிறு மகள் மனோரமாவோடு இங்கிலாந்து போனார். வான்டேஜ் ஊரின் ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் அவருக்கு இடம் கொடுத்தது. அங்கே ஞானஸ்நானம் பெற்றார். காது மந்தமானதால் மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டே கற்பித்தார். அவர் ஆண்களுக்கும் பாடம் சொல்லலாமா என்ற பேச்சு வந்தபோது பிஷப்புகள் தடுத்தார்கள். மடத்தின் சகோதரி ஜெரால்டின், ஞானத்தாய் என்ற உரிமையில், கீழ்ப்படிதலை எதிர்பார்த்தார். ரமாபாய் கேள்வி கேட்டார். திரித்துவம் பற்றிக் கேட்டார். சிலுவையில் லத்தீன் எழுத்துத்தான் இருக்க வேண்டுமா, சமஸ்கிருதம் ஆகாதா என்று கேட்டார். தனக்கென்று மனசாட்சியும் தீர்மானமும் உண்டு, ஒரு நுகத்திலிருந்து பாடுபட்டு விடுபட்டது இன்னொன்றில் கழுத்தைக் கொடுப்பதற்கு அல்ல என்ற பொருளில் எழுதினார். ஜெரால்டினுக்கு அது அகந்தையாகத் தெரிந்தது. அந்தக் கடிதங்கள் 1977இல் நூலாக வந்தன. வாசித்தால் ஒரு மாமியாரும் ஒரு மருமகளும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டதுபோல இருக்கும்.

ஜெரால்டின் கொடுமைக்காரர் இல்லை. அன்பானவர், உண்மையிலேயே. சிக்கலும் அங்கேதான். சோறும் கூரையும் படிப்பும் தந்த அன்பு, கொஞ்சநாளில் கணக்கு நோட்டை எடுத்துவிடுகிறது. இவ்வளவு செய்தோமே, எதிர்த்துப் பேசுகிறாளே என்கிறது.

வந்த இடத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். வரிசையில் நிற்பதும் வாடகை கொடுப்பதும் சட்டத்தை மதிப்பதும் இருதரப்புக்கும் பொது. நன்றிக்கடன் அப்படியில்லை, அது ஒருவரை மட்டுமே கட்டும். வருகிறவர் கொண்டுவருவதெல்லாம் காப்பாற்றத் தக்கதும் அல்ல. ரமாபாயின் உணவுப் பழக்கத்தில் ஜெரால்டின் சாதிப் பெருமையைப் பார்த்தார். அதை முழுக்கத் தவறென்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. நம்மவர்கள் கடல் கடந்து சாதியையும் கொண்டுபோனதால்தான் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய வேண்டிவந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த இரண்டு பெண்களும் பிராமணர்கள். 1883இல் ஒரு நெசவுக்காரர் மகளுக்கு அந்த வாசல்கள் எட்டாத தூரத்தில் இருந்தன.

இன்றைக்கு நெசவுக்காரர் மகள்களும் போகிறார்கள், கல்விக்கடன் வாங்கி. அவர்களை எதிர்கொள்வது கார்பென்டரும் அல்ல, ஜெரால்டினும் அல்ல, விதிகள். 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் ஆராய்ச்சி சாராத முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் குடும்பத்தாரைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துப்போக முடியாது. தனியாகப் போகும் இளைஞனுக்கு இது ஒரு வரிச் செய்தி. கைக்குழந்தையோடு படிக்க நினைக்கும் பெண்ணுக்குக் கதவே இதுதான். அந்த விதி அன்று இருந்து, அப்படியொரு படிப்புக்கு ரமாபாய் போயிருந்தால் மனோரமாவை விட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். கட்டணம் வேண்டும், கட்டுகிறவளின் பிள்ளை வேண்டாம்.

பிரிட்டனை மட்டும் குறை சொல்லிவிட்டு எழுந்து போக மனம் வரவில்லை. 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத்தமிழரைத் தமிழ்நாடு உணர்ச்சி பொங்க வரவேற்றது. முகாம்களில் பிறந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. நல்ல மாற்றம். எங்கள் நாமக்கல் மாவட்டத்திலும் முகாம் உண்டு. ஒரே மொழி பேசுகிறவர்களுக்கே நான்காம் நாள் நாற்பது ஆண்டுகளாக நீள்கிறது.

வெண்ணந்தூரில் கைத்தறிச் சத்தம் குறைந்து விசைத்தறிச் சத்தம் கூடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது தறிக்கூடங்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களைப் பார்க்கிறேன். யாரும் அவர்களை அடித்து விரட்டவில்லை. பொங்கலுக்குக் கரும்பு கொடுக்கிறோம். ஒரு தறிக்காரர் என்னிடம் தன் ஆளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்: "தங்கமான பையனுங்க, வாயே தொறக்கமாட்டான்." மருமகளுக்குத் தந்த அதே சான்றிதழ்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள லைன் வீட்டில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கணவன் தறி ஓட்டுகிறான். அவள் தார் சுற்றுகிறாள். அரைகுறைத் தமிழ். மற்ற குடித்தனங்களுக்குக் குழாய் ஒரு மணிநேரம், தங்கள் பக்கத்துக்கு மட்டும் ஏன் அரைமணி, வாடகை எல்லோருக்கும் ஒன்றுதானே என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுவிட்டாள். தெருவே பேசியது. "பொழைக்க வந்த எடத்துல வாயப் பாத்தீங்களா" என்று என்னிடமும் சொன்னார்கள், நான் ஆமோதிப்பேன் என்ற நம்பிக்கையில். நானும் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினேன். அவள் கேட்டதில் என்ன தப்பு என்று கேட்டேன். பேச்சு அதோடு மழையைப் பற்றி மாறியது.

போன வாரம் அவள் மறுபடியும் கேட்டாளாம். இந்த முறை பக்கத்துக் குடித்தனத்து அக்காவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தண்ணீர் இப்போதும் அரைமணிதான்.