எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தார்கள்?

திருநர் பிள்ளைகளைப் பற்றிய சிறார் நூல்களைக் காட்டி, ‘இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் கையில் கிடைத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்’ என்கிறவர்களிடம் ஒரு கேள்வி. இன்று நம் நடுவே வாழும் திருநங்கைகளும், திருநம்பிகளும், ஆண் பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்காதவர்களும் சின்ன வயதில் எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அப்படி ஆனார்கள்?

எதையும் படிக்கவில்லை. திருநங்கை எழுத்தாளர்களான, நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த ரேவதிக்கும், திருச்சியில் வளர்ந்த லிவிங் ஸ்மைல் வித்யாவுக்கும் பள்ளியில் கிடைத்தவை நமக்கெல்லாம் கிடைத்த பாடநூல்கள்தான். வீட்டிலும் தெருவிலும் கோவிலிலும் கொட்டகையிலும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே பாடம்: ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி. ஒரு நாள் விடுமுறை இல்லாமல், அடியும் உதையும் சேர்த்து, வருடக்கணக்கில் நடத்திய பாடம். அத்தனையும் அவர்களை மாற்றவில்லை. ஊரே கூடி நடத்திய பாடம் ஒரு குழந்தையை மாற்ற முடியவில்லை என்றால், நாலு வரியும் நாலு படமும் உள்ள ஒரு கதைப்புத்தகம் இன்னொரு குழந்தையை மாற்றிவிடும் என்பதை எந்தக் கணக்கில் நம்புவது?

கதை கேட்டால் பிள்ளை மாறிவிடும் என்றால் முதலில் நிறுத்த வேண்டியது புராணத்தை. மகாவிஷ்ணு மோகினியானதையும் சிவன் அவள் பின்னால் போனதையும், அர்ச்சுனன் பிருகன்னளையாக விராடன் மகளுக்கு ஆடல் கற்பித்ததையும் பாட்டிமார்கள் மடியில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகளைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள். இவற்றால் பிள்ளை கெடுமென்று யாரும் மனு கொடுக்கவில்லை. கடவுள் செய்தால் லீலை, பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்தால் நோய் என்று அளக்கும் கோலைத்தான் பகுத்தறிவாளர்கள் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

2021 நவம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். என்சிஇஆர்டி ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்து இணையதளத்தில் ஏற்றியது. பள்ளியில் திருநர் குழந்தைகளை எப்படி அரவணைப்பது, கழிப்பறைக்கு என்ன செய்வது, சீருடையில் என்ன மாற்றலாம் என்பவை அதன் பொருள். அது பிள்ளைகளுக்கான புத்தகம்கூட இல்லை, ஆசிரியர்களுக்கானது. சில நாட்களுக்குள் புகார் போனது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கடிதம் அனுப்பியது. கையேடு தளத்திலிருந்து இறங்கிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதைக் குறித்துத் தம் அதிருப்தியைப் பதிவுசெய்தார். குழந்தைகளைக் காக்கவென்றே ஏற்பட்ட ஓர் ஆணையம், அந்தக் குழந்தைகளில் மிகவும் அடிபடுகிறவர்களுக்கு உதவும் ஏட்டின் மேல்தான் கை வைத்தது. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

‘பள்ளிக்கூடத்தில் அப்படிப் பிள்ளைகள் ஏது?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘மற்றவர்’ என்ற பிரிவில் நாடு முழுவதும் 4,87,803 பேர் பதிவானார்கள். அவர்களில் 54,854 பேர் ஆறு வயது வரையிலான குழந்தைகள். படிவத்தை அந்தப் பிள்ளைகள் நிரப்பவில்லை. வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, கணக்கெடுக்க வந்தவர் எழுதிக்கொண்டார். அந்தப் பிரிவினரின் எழுத்தறிவு 56 விழுக்காடு. நாட்டு மக்களின் சராசரியோ 74.

இடைவெளி எங்கே விழுகிறது என்று பார்க்க ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் இடைவேளை போதும். மணி அடிக்கிறது. பையன்கள் கழிப்பறைக்குப் போனால் கால்சட்டையை உருவிப் பார்ப்பார்கள். பெண்கள் பக்கம் போனால் டீச்சரிடம் மாட்டிவிடுவார்கள். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், மதியச் சோற்றை விக்கி விக்கி விழுங்கி, கடைசி மணி வரை தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது ஒரு பிள்ளை. அதற்குப் பின்னக் கணக்கு எப்படி ஏறும்? பி.டி. பீரியடில் ‘என்னடா பொம்பள மாதிரி ஓடுற’ என்று வாத்தியார் சொல்ல, வகுப்பே சிரிக்கிறது. மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கும் அன்று ஒரு பாடம் நடந்தேறிவிட்டது. பாலினத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசவே கூடாது என்கிறவர்கள் இந்தப் பாடத்தை மட்டும் ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை.

சென்னையின் தூலிகா பதிப்பகம் 2019இல் வெளியிட்ட ஒரு படக்கதை உண்டு. கனக் சஷி எழுதியது. குத்லி என்ற குழந்தை தன்னைத் தேவதை என்று நினைத்துப் பறந்து திரிகிறது. வீட்டார் அதைப் பையன் என்கிறார்கள். தீபாவளிக்குப் பையன் உடுப்பு வருகிறது. குத்லிக்கு வேண்டியது ஃபிராக். ‘நான் பெண்தானே, ஏன் பையன் என்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு வீட்டில் பதில் இல்லை. குத்லியின் முகம் வாடிப்போகிறது; பறப்பதும் நின்றுபோகிறது. கடைசியில் அம்மா ஃபிராக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. உடலுறவு, அறுவை சிகிச்சை, ஹார்மோன் என்று எதுவும் அதில் இல்லை. ஒரு துணியும் ஒரு தாயும்தான் உண்டு. இதில் எந்தப் பக்கம் பிள்ளையைக் கெடுக்கும் என்று யாராவது விரல் வைத்துக் காட்டட்டும்.

சிறார் நூல் என்றால் நரியும் காக்கையும் மட்டும்தான் என்ற எல்லையைத் தமிழ் எப்போதோ தாண்டிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் ஏறிய சாதிக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் ‘கயிறு’ எழுதினார். தொடக் கூடாத இடத்தில் தொடுகிற பெரியவர்களைப் பற்றி யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ‘கயிறு’ படித்து எந்தப் பிள்ளையும் சாதி வெறி பிடித்து அலையவில்லை. ‘மரப்பாச்சி’ படித்த பிள்ளைக்கு வாய் திறந்து சொல்லும் தைரியம்தான் வரும். இதே நியாயம் குத்லிக்கு மட்டும் ஏன் செல்லாது?

வயது பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சரியான வாதம், ஒப்புக்கொள்கிறேன். மாயா கோபேப் வரைந்த ‘ஜெண்டர் க்வீயர்’ ஆணும் அல்லாமல் பெண்ணும் அல்லாமல் வளர்ந்த ஒருவரின் தன்வரலாறு. 2021, 2022, 2023 மூன்று ஆண்டும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில் மிக அதிகமாக எதிர்க்கப்பட்ட நூல் அதுதான். அதில் உடலைப் பற்றிய வெளிப்படையான சில படங்கள் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு நான் அதைத் தர மாட்டேன். பதினேழு வயதுக்குத் தயங்காமல் தருவேன். ஆனால் எதிர்ப்பவர்கள் வயதோடு நிற்கவில்லையே! குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்ட, முத்தக் காட்சிகூட இல்லாத படக்கதைகளையும் அதே மூச்சில் தடுக்கிறார்கள். ஆக அவர்களை உறுத்துவது படம் அல்ல, அப்படி ஓர் ஆள் கதைக்கு நடுவே தலை நிமிர்ந்து நிற்பது.

இனி பகுத்தறிவு பேசும் நம் பக்கம் வருகிறேன். பெண்கள் கிராப் வெட்டிக்கொள்ளட்டும், சட்டையும் லுங்கியும் அணியட்டும் என்றவர் பெரியார். ஆண்மை என்ற கற்பிதம் அழியாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று எழுதியவர். அவர் படத்தை மேடையில் மாட்டிக்கொண்டு, எதிர்க்கட்சிக்காரரை ‘ஆண்மை இருந்தால் வா’ என்று அழைக்கிறோம். அமைச்சர் வீட்டுக்கு வளையலும் புடவையும் அனுப்புவதைப் போராட்டம் என்கிறோம். கட்சி வேறுபாடே இல்லாமல் இது நடக்கிறது. பெண்ணாகத் தோன்றுவதே கேவலம் என்று அப்பா மேடையில் முழங்கினால், வீட்டில் கண்ணாடி முன்னால் அக்காவின் பொட்டை எடுத்து வைத்துப் பார்க்கும் பையன் அதைத் தனக்கான தீர்ப்பாகத்தான் கேட்பான். மதவாதிகளைக் கேள்வி கேட்கும் நாம் இந்தப் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

பெற்றோர் உரிமை என்ற வாதம் அடுத்து வரும். 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மேரிலாந்து மாநிலப் பள்ளிகள் பற்றிய வழக்கில், இத்தகைய கதைகள் நடக்கும் நேரத்தில் மத நம்பிக்கையின் பேரில் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு 6-3 என்ற கணக்கில் வழிவிட்டது. விலகிப் போகும் பிள்ளைக்குப் பெற்றோர் இருப்பதுபோல, தன்னைப் பற்றிய கதையைத் திறந்ததும் கூட இருந்தவர்கள் எழுந்து போவதைப் பார்க்கும் பிள்ளைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் உரிமை எந்தத் தீர்ப்பில் எழுதப்படும்? அந்தத் தாய் தகப்பனும் குழம்பித்தான் நிற்கிறார்கள். பிள்ளையை அடிக்காமல் புரிந்துகொள்ள அவர்களுக்கும் இந்தப் புத்தகம் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு இதில் தயங்க நியாயமே இல்லை. திருநங்கைகளுக்கு 2008இலேயே நல வாரியம் அமைத்த மாநிலம் இது. ஆண் பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலோடு பிறக்கும் சிசுக்களை அறுத்து ‘சரிசெய்யும்’ அறுவையை, உயர் நீதிமன்றம் சொன்னபடி, 2019இல் தடைசெய்ததும் இதே மாநிலம். பள்ளிக்கல்வித் துறை மாணவர்களுக்கென்று ‘தேன்சிட்டு’ இதழ் நடத்துகிறது. வாசிப்பு இயக்கம் வழியாகச் சின்னச் சின்னக் கதைப்புத்தகங்களை வகுப்பறைகளுக்கு அனுப்புகிறது. அடுத்து அனுப்பும் கட்டில் குத்லியைப் போல ஒரு பிள்ளையின் கதையும் இருக்கட்டும். எழுத ஆள் தேட வேண்டியதில்லை. ரேவதியும் வித்யாவும் தம் வாழ்க்கையைத் தமிழில் எழுதிக் காட்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பின் எழுத வந்த திருநர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்காக எழுதித் தாருங்கள் என்று துறை அவர்களிடம் கேட்க வேண்டும், உரிய சன்மானமும் கொடுக்க வேண்டும்.