வழித்துணையும் அமானிதமும்

நெடுவழி செல்வோனுக்குத் துணை வேண்டும் என்பது முன்னோர் கண்ட உண்மை. அந்தத் துணை வாய் பேசாத உயிராக இருந்துவிட்டால், அதற்கு நாம் பட்டுள்ள கடமை எது? அது எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? தொலைதூரப் பாலைவனத்தில் எழும் இக்கேள்வி நம் வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறது. ஆதலின் அதனைச் சற்றே ஆராய்வோம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டு, படுக்கையும் அடுப்பும் பொருத்திய வண்டி ஒன்றில் தம் நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்டார். துணையாக அவர் அழைத்துச் சென்றது சார்லி என்னும் முதிய நாயை. 1962இல் வெளிவந்த அவரது பயண நூலில் மொஹாவிப் பாலைவன நிகழ்ச்சி ஒன்று வருகிறது. ஓநாய் இனத்தைச் சேர்ந்த கயோட்டிகள் இரண்டு எதிரே நிற்கக் கண்டு அவர் துப்பாக்கியைக் குறி வைத்தார், ஆனால் சுடவில்லை. நாய்க்கென வைத்திருந்த உணவு டின்களில் இரண்டைத் திறந்து, அவற்றுக்காக விட்டுச் சென்றதாக எழுதுகிறார்.

இன்றும் அந்நாட்டின் மேற்குப் பாலைநிலங்களில் வண்டியே வீடாக, நாயே துணையாகப் பலர் சுற்றி வருகின்றனர். அங்குள்ள மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று 56.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. மனிதனைப் போல் உடலெங்கும் வியர்த்துக் குளிர்வது நாய்க்கு இயலாது. மூச்சிரைத்தே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி மூடிய வண்டி வெயிலில் நின்றால், வெளியே இருப்பதைவிட உள்ளே ஒரு மணி நேரத்தில் இருபது பாகைக்கு மேல் சூடு ஏறிவிடும். மரணப் பள்ளத்தாக்கு முதலிய தேசியப் பூங்காக்களின் நடைபாதைகள் பெரும்பாலானவற்றில் நாய்களுக்கு அனுமதியும் இல்லை. ஆகவே பயணி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். நாயை வண்டிக்குள் அடைத்துவிட்டுக் காட்சியைக் காணச் செல்வதா? நாய்க்காகக் காட்சியைத் துறப்பதா? பார்ப்பதற்கு அங்கே எவரும் இல்லை. நாயும் நாளை எவரிடமும் முறையிடப் போவதில்லை. ஒருவனுடைய அறத்தை உரைத்துப் பார்க்க இதனினும் நல்ல உரைகல் வேறு உண்டோ?

பாலையும் பயணியும் நாயும் நமக்குப் புதியவை அல்ல. கொடுங்கோன்மைக்கு அஞ்சி ஊரைத் துறந்து குகையில் தஞ்சம் புகுந்த இளைஞர்களைப் பற்றித் திருமறையின் ‘கஹ்ஃப்’ அத்தியாயம் பேசுகிறது. குகை வாயிலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த அவர்களின் நாயையும் அது குறிப்பிடுகிறது. அவர்கள் எத்தனை பேர் என மக்கள் தர்க்கித்ததைச் சொல்லும்போதும், ஒவ்வொரு எண்ணிக்கையோடும் அந்த நாய் சேர்த்தே எண்ணப்படுகிறது. வழித்துணையாய் வந்த உயிரை இறைவன் கணக்கில் விட்டுவிடவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய இரு செய்திகளும் ஈண்டு நினைக்கத் தக்கவை. வழிநடந்து தாகத்தால் வாடிய ஒருவர் கிணற்றில் இறங்கி நீர் அருந்தினார். மேலே வந்தபோது, தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணைத் தின்றுகொண்டிருந்த நாயைக் கண்டார். மீண்டும் இறங்கித் தம் காலுறையில் நீர் முகந்து, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து அதற்குப் புகட்டினார். அதன்பொருட்டு அவர் பாவம் மன்னிக்கப்பட்டது. மற்றொன்று, பூனையை அடைத்து வைத்த பெண்ணின் செய்தி. அவள் உணவும் தரவில்லை. தானே இரை தேடித் தின்ன அதை விடவும் இல்லை. அதனால் அவள் தண்டனைக்கு உரியவள் ஆனாள். முன்னது எதிர்ப்பட்ட உயிரிடம் காட்ட வேண்டிய கருணை. பின்னது நம் பிடிக்குள் கொண்டுவந்த உயிருக்கு நாம் பட்ட கடன். கட்டி வைத்தவன் கைக்கு வந்ததெல்லாம் அமானிதமே.

“நாய் அசுத்தமல்லவா?” என்று கேட்போர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதன் உமிழ்நீர் அசுத்தம். மாலிக்கி மத்ஹபில் நாய் தூய்மையானதே. வேட்டைக்கும் காவலுக்கும் மந்தைக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. காலுறையைக் கழுவிக்கொள்ளலாம், போன உயிரை மீட்க இயலுமா? கையைக் கழுவச் சொன்ன மார்க்கம் கடமையைக் கைகழுவச் சொல்லவில்லை.

இனி நம் சென்னைக்கு வருவோம். விலங்குகள்பால் இரக்கம் என்பதைச் சட்டமாக்கியதில் இந்நகருக்குப் பெரும் பங்கு உண்டு. அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனி மசோதாவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி கோலிற்று. தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றிய விமானி கேப்டன் சுந்தரம் 1959இல் புளூ கிராஸ் அமைப்பைத் தோற்றுவித்தார்.

அத்தகைய நகரிலும் நடப்பது என்ன? பிள்ளைகள் ஆசைப்பட்டனர் என்று குட்டியை வாங்குகிறோம். வேலை மாறுகிறது, வெளிநாட்டுப் பயணம் வாய்க்கிறது, அடுக்ககத்துக்குக் குடிபெயர்கிறோம். அப்போது நாய் சுமையாகிறது. ரயிலில் கொண்டுசெல்வதாயின் முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் விட வேண்டும். அச்செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி, இரவோடிரவாக வேறொரு தெருவில் இறக்கிவிட்டு வருவோரும் உளர். சோற்றுக்கு நம் கையையே பார்த்துப் பழகிய உயிருக்கு அந்தத் தெரு ஒரு பாலைவனம். அங்கே நிழலும் நீரும் இருக்கலாம். ஆனால் அவற்றை அடையும் வழியை அது அறியாது.

மனிதரே பசித்திருக்கையில் நாய்க்கு இரங்குவதா என்பர் சிலர். தெருநாய் கடித்த குழந்தையின் தாயிடம் போய் இதைப் பேசுங்கள் என்பர் வேறு சிலர். இரண்டாம் குரலில் நியாயமான வேதனை உண்டு. வெறிநாய்க்கடி உயிர் குடிக்கும் நோய். அதனாலன்றோ கருத்தடையும் தடுப்பூசியும் வேண்டும் என வலியுறுத்துகின்றனர்? கொன்றே தீர்க்கலாம் என நெடுங்காலம் முயன்ற சென்னை மாநகராட்சியும் 1990களின் நடுவில் அவ்வழிக்குத் திரும்பிற்று. எனினும் வளர்த்த நாயைத் தெருவில் விடுவோர் அத்தாயின் அச்சத்தைக் கூட்டுகின்றனர். முதற் குரலுக்கு நம் விடை சிறிது: நாய்க்கு இரங்கியவர் மனிதருக்கு வழங்குவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என எந்த விதியும் இல்லை.

எல்லோரும் நாய் வளர்க்க வேண்டும் என நாம் சொல்லவில்லை. வளர்க்காதிருத்தல் எவர்க்கும் குற்றமன்று. ஆனால் பயணத்தை முடிவு செய்தவர் நாம். உடன் வந்த உயிரை எவரும் கேட்கவில்லை. ஆகவே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுமுன், இறுதிவரை அழைத்துச் செல்ல இயலுமா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயலாத நிலை வந்தால், பொறுப்பேற்கும் வேறொரு கையைத் தேடி ஒப்படைக்கும் வரை கடமை நீங்காது. அமானிதத்தை ஒப்படைக்காமல் இறக்கி வைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.